குப்பையிற் பிறந்த குதூகலம்

மென்மயிர்த் துணி போர்த்த தகரக் கரடியொன்று மேசைமீது அமர்ந்திருக்கிறது. விசையைத் தட்டியதும் அதன் கண்கள் ஒளிர்கின்றன; கைகள் மேளத்தை முழக்குகின்றன. 1950களிலும் 1960களிலும் யப்பானிலே செய்யப்பெற்ற பற்றரிப் பொம்மைகளுள் இஃது ஒருவகை. இத்தகையவற்றைத் தேடித் திரிவோர் இன்று உலகின் பல பாகங்களிலும் உளர். பழந்தகரத்துக்கு இத்துணை மதிப்பா என நாம் வியக்கலாம். அதன் பிறப்பு வரலாற்றை அறிந்தால் அவ்வியப்பு அகலும்.

1945 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் யப்பான் சரணடைந்தது. நகரங்கள் பல சாம்பலாய்க் கிடந்தன. உணவுக்கும் பஞ்சம், உலோகத்துக்கும் பஞ்சம். அவ்வேளை ஓட்சு நகரில் இருந்த கொசுகே மட்சுஸோ என்னும் பொம்மைத் தொழிலாளர், அமெரிக்கப் படையினர் உண்டபின் எறிந்த தகரப் பேணிகளைச் சேகரித்தார். அவற்றை வெட்டி விரித்து, அப்படையினர் ஓட்டித் திரிந்த ஜீப் வண்டியைப் போன்ற சிறு பொம்மைகளைச் செய்தார். அவ்வாண்டு டிசம்பரிலே கியோட்டோ நகரின் பெருங்கடையொன்றில் ஒன்று 10 யென் வீதம் விலைக்கு வந்த அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. தோற்றவர் கையில், வென்றவரின் வாகனமே விளையாட்டுப் பொருளாயிற்று!

1947 ஆம் ஆண்டில் தனியார் ஏற்றுமதிக்கு மீண்டும் வழி பிறந்தது. அன்றுமுதல் ஆக்கிரமிப்பு முடிவுற்ற 1952 வரை, 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பானிற் செய்யப்பட்டது' என்னும் வாசகம் பல பொம்மைகளிற் பொறிக்கப்பட்டது. இன்று சேகரிப்போர் ஒரு பொம்மையின் வயதை அறிய உதவுவது அவ்வாசகமே.

பின்னர் பற்றரியின் காலம் வந்தது. நொமுரா, மசுதாயா, யொனெசாவா முதலிய நிலையங்கள் போட்டியிட்டு உழைத்தன. தட்டையான தகட்டிலே முதலில் வர்ணப் படத்தை அச்சிடுவர். பின்னர் அதனை அச்சுப்பொறியில் அழுத்தி உருவாக்கி, சிறு நாக்குகளைத் துளைகளிற் செருகி மடிப்பர். உள்ளே சிறியதொரு மோட்டரும் பற்சில்லுகளும் இருக்கும். சில பொம்மைகள் சுவரில் மோதியதும் தாமாகவே திரும்பி வேறு திசையிற் செல்லும். மாயமொன்றுமில்லை: தடையுண்டபோதும் அடிச்சில்லுகள் ஓயாது சுழல்வதால், அவற்றைத் தாங்கும் வட்டத்தட்டு திரும்பி வழியை மாற்றிவிடுகின்றது. 1957 ஆம் ஆண்டில் நொமுரா செய்த இயந்திர மனிதனின் கண்ணாடி போன்ற தலைக்குள்ளே உருளைகள் ஏறியிறங்குவதைக் காணலாம். இவற்றுட் பெரும்பாலானவை அமெரிக்கப் பிள்ளைகளுக்கெனக் கப்பலேறின. பிற்காலத்தில் பிளாஸ்ரிக் வந்து தகரத்தை ஒதுக்கிற்று.

பொம்மைக்கு உயிர் தந்த பற்றரியே அதற்கு எமனாகவும் ஆயிற்று. பழைய உலர் பற்றரியின் கூடு நாகம் என்னும் உலோகத்தால் ஆனது. அது மெல்லக் கரைந்து துளைவிட, உள்ளிருந்த கசிவு தகரத்தை அரித்துவிடும். ஆதலின் விளையாட்டு முடிந்ததும் பற்றரியைக் கழற்றிவிடுதல் வேண்டும். தூசியை உலர்ந்த மெல்லிய துணியாற் துடைத்தால் போதும், ஈரம் ஆகாது. மங்கிய இடத்தில் புதுவர்ணம் பூசினால் மதிப்புக் குன்றும். கூரிய ஓரங்களும், ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய வர்ணமும் உள்ளமையால் சிறு குழந்தைகளிடம் இவற்றைக் கொடுத்தலும் தகாது.

கிதஹாரா தெருஹிஸா என்னும் யப்பானியர் இத்தகைய பொம்மைகளைத் தேடிச் சேர்த்து, 1986 ஆம் ஆண்டில் யொகொஹாமா நகரிலே தகரப் பொம்மைகளுக்கென ஒரு நூதனசாலையைத் திறந்தார். பிறநாட்டுப் பிள்ளைகளுக்கென அனுப்பப்பட்ட உழைப்பின் அருமையை அதனைச் செய்த நாடே பின்னர் உணர்ந்தது எனலாம்.

பெட்டியைவிட்டு வெளிவராத பொம்மைக்கே சந்தையில் விலை அதிகம். ஆயினும் வர்ணம் தேய்ந்து, கை ஒடிந்து கிடக்கும் பொம்மையை நாம் இகழ வேண்டுவதில்லை. எங்கோ ஒரு குழந்தை மனமார விளையாடியதற்கு அதுவன்றோ சாட்சி! எறிந்த பேணியிலிருந்து இத்தொழிலை மீட்டெடுத்தோர் விரும்பியதும் அதுவே.