சம்பளம் மட்டுமா இலாபம்? மனநலம் பாதிக்கப்பட்டோருக்கான ஆதரவு வேலைவாய்ப்பு

'மாற்றுத்திறனாளிகளும் நாட்டு வளர்ச்சியும்' என்று தலைப்புக் கொடுத்தால், மாணவர்கள் பலர் சக்கர நாற்காலி, பார்வைக் குறைபாடு என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சமூக நலத் துறை மாற்றுத்திறனாளிகளை ஏழு பிரிவாகப் பதிவு செய்கிறது. அதில் மனநலப் பாதிப்பும் ஒன்று.

நம் ஜொகூரில் தம்போய் என்றாலே சிலருக்குச் சிரிப்பு வரும். 1937-இல் தொடங்கிய பெர்மாய் மருத்துவமனை அங்கே இருப்பதுதான் காரணம். "அங்க போய் வந்தவனுக்கு யாருங்க வேலை கொடுப்பா?" என்ற கேள்விதான் நோயைவிடப் பெரிய தடை.

ஆதரவு வேலைவாய்ப்பு என்றால் என்ன? பழைய முறையில் முதலில் பல மாதப் பயிற்சி, பிறகுதான் வேலை. இதில் அப்படியே தலைகீழ். விரும்புகிறவருக்கு முதலில் சம்பளத்துடன் உண்மையான வேலை. பயிற்சியும் துணையும் கூடவே வரும். வேலைப் பயிற்றுநர் ஒருவர் முதலாளியிடமும் பேசுவார், ஊழியரிடமும் பேசுவார். சுகாதார அமைச்சின் மெந்தாரி மையங்களில் இந்த உதவி உண்டு.

சரி, இதில் பொருளாதாரம் எங்கே வருகிறது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றால், 12 மாதத்திற்கு 20,400 ரிங்கிட். அந்தப் பணம் பெட்டியிலா தூங்கும்? சாஆ போன்ற சிற்றூரில் மளிகைக் கடைக்கும் பேருந்துக்கும் போகும். ஊழியர் சேமநிதியிலும் சேரும். வீட்டில் காவலுக்கு இருந்த அம்மாவோ அக்காவோ மறுபடி வேலைக்குப் போக முடிந்தால், ஒரு வேலை இரண்டு சம்பளமாகும். முதலாளிக்கும் நட்டமில்லை. மாற்றுத்திறனாளி ஊழியரின் சம்பளத்துக்கு இரட்டை வரிக்கழிவு உண்டு.

மருத்துவச் செலவும் குறையலாம். ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் 312 பேரிடம் நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஆதரவு முறையில் 55 விழுக்காட்டினர் வேலைக்குப் போனார்கள். வழக்கமான பயிற்சி முறையில் 28 விழுக்காட்டினர்தான். மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் முறையே 20, 31 விழுக்காடு. வேலை கொடுத்தால் நோய் முற்றும் என்ற பயத்துக்கு இதுவே பதில்.

ஆனால் ஒன்று. அந்த 55-ஐ 100 என்று நினைக்கக் கூடாது. எல்லாராலும் வேலை செய்ய முடியாது. முடியாதவரின் மதிப்பு குறைந்துவிடாது. கட்டுரையில் இதையும் ஒரு வரி எழுதினால் கருத்து நேர்மையாக நிற்கும்.

மாணவர்களே, எழுதும்போது விளக்கம், குடும்பத்துக்கும் ஊருக்கும் அரசுக்கும் வரும் பயன், வரம்பு என்ற வரிசையைப் பின்பற்றுங்கள். 'பைத்தியம்' என்று எழுத வேண்டாம். 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' என்று எழுதுங்கள். ஆசிரியர்களும் வகுப்பில் பேசும்போது கவனம் வைக்க வேண்டும். நாம் சொல்லும் அந்தச் சொல், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் அப்பாவைக் குறிப்பதாக இருக்கலாம்.