மரத்தைப் பிடிக்கும் மூன்றாவது கை

மரவேலை என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை உளியும் வாளும் இழைப்புளியும்தாம். ஆனால் இக்கருவிகள் தம் தொழிலைத் தொடங்கும் முன்பே நடந்திருக்க வேண்டிய செயல் ஒன்று உண்டு. மரம் அசையாமல் நிற்க வேண்டும்! அசையும் மரத்தின் மீது வைத்த கூரிய உளி பயனற்றது மட்டுமன்று; ஆபத்தானதும் ஆகும். என் தம்பி மகன் இடக்கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் உளியைச் செலுத்தினான். பலகை நழுவியது, உளி உள்ளங்கையில் பாய்ந்தது, ஐந்து தையல் போட வேண்டியதாயிற்று. கைகள் இரண்டும் கருவியைப் பிடிக்க, மரத்தைப் பிடிக்க மூன்றாவது கை ஒன்று வேண்டும் என்பது அன்று எங்கள் வீட்டில் அனைவருக்கும் விளங்கிற்று. அந்த மூன்றாவது கையைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் நாட்டுத் தச்சர்கள் தரையில் அமர்ந்து, குதிகாலாலும் கால் விரல்களாலும் மரத்தை அழுத்திப் பிடித்தே எத்தனையோ அரிய வேலைகளைச் செய்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் காலே பிடிகருவி. சிறு வயது முதல் பழகிய உடலுக்கு அது கைவரும். இயற்பியல் வகுப்பில் நின்றே காலம் கழித்து, ஐம்பதைக் கடந்தபின் மரவேலை பழக வந்த என் போன்றோரின் முழங்கால்கள் அதற்கு இசைவதில்லை. ஆகவே நின்று வேலை செய்ய ஒரு தச்சு மேசையும், அதில் பொருத்த ஒரு வைசும் தேவையாயின.

பிரெஞ்சு மேசை சொல்லும் பாடம்

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினர். 1765-இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, புதிதாக எழும்பத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில், பாரிஸ் நகரத் தச்சரான ரூபோ என்பவர் தம் தொழிலைப் பற்றிப் படங்களுடன் கூடிய பெருநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். 1769 முதல் 1775 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூலில் காட்டப்பட்ட தச்சு மேசையை இன்றும் உலகெங்கும் பலர் பின்பற்றிச் செய்கின்றனர்.

அதன் சிறப்பு என்ன? மேற்பலகை ஐந்தாறு அங்குலக் கனம். கால்கள் உள்ளே தள்ளி நில்லாமல், மேற்பலகையின் முன்விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்கின்றன. இதனால் நீண்ட பலகை ஒன்றை நிறுத்தி அதன் விளிம்பை இழைக்கும்போது, மேசையின் முன்பக்கம் முழுவதுமே ஒரு சுவர்போல் தாங்குகிறது. மேற்பலகையில் சில துளைகள். அவற்றில் செருக, வளைந்த கழுத்துடைய இரும்புக் கொக்கி ஒன்று. அதன் தலையில் ஓர் அடி அடித்தால், காம்பு துளைக்குள் சாய்ந்து இறுகி, மரத்தை மேசையோடு அழுத்திப் பிடிக்கும். பின்னால் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். பிரெஞ்சு மொழியில் இதற்கு ‘வலே’ என்று பெயர்; பணியாள் என்பது பொருள். எத்துணைப் பொருத்தமான பெயர்!

எந்த வைஸ் நமக்கு?

கடையில் வைஸ் என்று கேட்டால் முதலில் எடுத்துக் காட்டப்படுவது பெரும்பாலும் இரும்பு வேலைக்கான வைஸ். அது மேசைக்கு மேலே எழுந்து நிற்கும். தாடைகளில் பற்கள் வெட்டியிருக்கும். மரத்தைக் கடித்துத் தழும்பாக்கிவிடும். மரவேலைக்கு அது வேண்டாம்.

கார்பென்டர் வைஸ் என்பது வேறு. அது மேசைக்கு அடியில் பொருத்தப்படுவது. தாடைகள் அகன்று வழுவழுப்பாக இருக்கும். அவற்றின் மேல்விளிம்பு மேசை மட்டத்திற்கு அரை அங்குலமாவது கீழே இருக்குமாறு பொருத்தி, உட்புறத்தில் மரக்கட்டை பதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் இழைப்புளியின் அலகு இரும்பில் மோதி முனை மழுங்கும். நாற்காலிக் கால், பெட்டிப் பலகை, சட்டம் போன்ற சிறு வேலைகளுக்கு 9 அங்குலத் தாடையுள்ள இவ்வகை ஒன்றே போதும்.

மூன்றாவது, கால் வைஸ். மேசையின் ஒரு காலையே ஒரு தாடையாகவும், அதன்முன் நிற்கும் தடித்த மரச்சட்டத்தை மற்றொரு தாடையாகவும் கொண்டது. திருகு மட்டுமே விலைக்கு வாங்க வேண்டும். மற்றவை நாமே செய்யலாம். இதன் பெருமை, வாயின் ஆழம். மேசை மட்டத்திலிருந்து திருகு வரை சுமார் 8 அங்குலம் தடையின்றிக் கிடைப்பதால், அகலமான பலகையும் உள்ளே இறங்கும். கதவுச் சட்டம், அலமாரிப் பலகை செய்ய எண்ணுவோர் இதையே நாடலாம். மேலே இறுக்கும் அளவுக்குக் கீழ் முனையிலும் ஒரு முளையோ ஆப்போ வைத்து இடைவெளியைச் சமன் செய்ய வேண்டும் என்பது மட்டுமே இதிலுள்ள சிறு தொல்லை.

இவற்றில் எதுவானாலும், பலகையைத் தாடையின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்து இறுக்கினால் தாடை கோணிக்கொள்ளும். அதே கனமுள்ள துண்டு மரம் ஒன்றை மறுபக்கத்தில் வைத்துவிட்டால் கோணல் தீர்ந்தது.

திருகின் இரகசியம்

மெல்லிய ஒரு திருகு இவ்வளவு வலிமையை எங்கிருந்து பெறுகிறது? கைப்பிடியின் நீளம் மையத்திலிருந்து 15 செ.மீ. என்று கொள்வோம். ஒரு சுற்றுச் சுற்றும்போது நம் கை சுமார் 94 செ.மீ. நகர்கிறது. புரியிடைத் தூரம் 5 மி.மீ. எனில், தாடை நகர்வது அரை செ.மீ. மட்டுமே. கணக்குப்படி விசை 188 மடங்காகப் பெருக வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு உராய்வில் கழிந்தாலும் 37 மடங்கு மிஞ்சும். 10 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கையால் கொடுத்தால், தாடையில் 370 கிலோ அழுத்தம்! இங்கே உராய்வு இழப்பு அன்று, வரமே. அந்த உராய்வு இருப்பதனால்தான் நாம் கையை எடுத்த பின்பும் திருகு தானாகக் கழலாமல் நிற்கிறது.

மேசையின் நுணுக்கங்கள்

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் நம் ஊரில் சாய்ந்த மரங்கள் கணக்கில் அடங்கா. அவ்வாறு விழுந்த வாகை ஒன்றை வாங்கி, 3 அங்குலப் பலகைகளாக அறுத்து, இடையிடையே குச்சிகள் வைத்துத் தாழ்வாரத்தில் அடுக்கினேன். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு உலர விட வேண்டும் என்பது பழைய கணக்கு. ஆகவே 2015-இல்தான் மேசை உருவாயிற்று. வாகை உறுதியானது, ஆனால் அதன் தூள் தும்மலை வரவழைக்கும். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது நலம். தேக்குதான் வேண்டும் என்பதில்லை. மேசைக்கு வேண்டியது அழகு அன்று, எடை!

உயரம் ஆளுக்கு ஆள் மாறும். நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுவே இழைப்பதற்கு ஏற்ற மட்டம். எனக்கு அது 82 செ.மீ. நீளம் 5 அடி, அகலம் 22 அங்குலம். கால்களைக் கழுந்தும் துளையுமாக இணைத்து, கீழே குறுக்குச் சட்டங்கள் கொடுத்தேன். அவற்றின்மீது பலகை பரப்பிக் கருவிப்பெட்டியை வைத்தால், அந்த எடையே மேசையை நகராமல் காக்கும். கரையானுக்கு அஞ்சி ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு கடப்பைக் கல் துண்டு.

வலக்கைப் பழக்கமுடையோர்க்கு முன்வைஸ் மேசையின் இடப்பக்கம் அமைவது நல்லது. இழைப்புளி வலமிருந்து இடமாகச் செல்வதால், மரம் வைசை நோக்கித் தள்ளப்படும். அதே இடப்பக்கத்தில் மேலே ஒரு முட்டுக்கட்டையும் வேண்டும். பல வேலைகளுக்கு அந்தக் கட்டை ஒன்றே வைசுக்கு ஈடாகும்.

கடலோரத்தில் வாழும் நாம் மறக்கலாகாதது துரு. உப்புக் காற்றுக்கு இரும்புத் திருகு விருந்து. மாதம் ஒரு முறை தூளைத் துடைத்து மெல்லக் கிரீஸ் தடவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரத்தாடை சற்று உப்பும், கோடையில் சுருங்கும். இறுக்கமாகத் தோன்றினால் உடனே இழைத்துவிடாமல், ஒரு பருவம் பொறுத்துப் பார்ப்பது அறிவுடைமை.

மாணவ நண்பர்களே! விலையுயர்ந்த வைசைத் தேடிக் கடை கடையாக ஏறுமுன், ஒரு தாளை எடுத்து, இவ்வாண்டு நீங்கள் செய்ய விரும்பும் நான்கு பொருள்களை எழுதுங்கள். அவற்றுள் மிகப் பெரிய பலகை எது, அதை எப்படி நிறுத்துவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எந்த வைஸ் வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். முட்டுக்கட்டையும் ஒரு கொக்கியுமே போதும் என்று அது சொன்னால், அதையும் நம்புங்கள். மரம் அசையாமல் நிற்கட்டும். உங்கள் இரு கைகளும் உளிக்குப் பின்னாலேயே இருக்கட்டும்!