அடுத்த வருசத் தாம்பூலம்

எங்கள் ஊரில் கூத்துக்குப் பந்தயம் கட்டுவார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், ஆலப்பாக்கம் தாண்டி பி.முட்லூர் வருவதற்குள், பஸ் நின்றும் நிற்காமலும் போகிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. திரௌபதை அம்மன் கோயிலில் காப்புக் கட்டினால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து. கடைசி நாள் காலையில் மண்ணால் போட்ட துரியோதனன் படுத்திருப்பான். பீமன் தொடையைப் பிளப்பான், அம்மன் கூந்தல் முடிவாள், சாயங்காலம் தீமிதி. ஜெயிப்பது யார், தோற்பது யார் என்று பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் எதற்குப் பந்தயம் என்றால், பந்தயம் பீமன்மேல் அல்ல. வேசம் கட்டுகிற ஆளின்மேல்.

"இன்னிக்கி ராவு யாருடா?" என்று மாட்டு வண்டி ஓட்டுகிற பெரியப்பா கேட்பார். கர்ணன் வேசக்காரரா, சல்லியன் வேசக்காரரா, இல்லை கட்டியங்காரனே எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவானா? பந்தயப் பொருள் ஒரு டீ, ஒரு கட்டு பீடி. தீர்ப்பு விடியற்காலையில், டீக்கடை பெஞ்சில். மேல்முறையீடு கிடையாது.

பெரியப்பாவின் கணிப்புக்கு முறை ஒன்று இருந்தது. திரை பிடிப்பதற்கு முன்பே அவர் முடிவு கட்டிவிடுவார். இரண்டு பேர் வேட்டியைத் திரையாகப் பிடித்து நிற்க, பின்னால் நின்று வேசக்காரர் விருத்தம் பாடுவார். முகம் தெரியாது, கிரீடத்தின் நுனியும் புஜக்கட்டையின் ஓரமும் மட்டும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மினுங்கும். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு சலங்கையைக் கேட்பார். குரலும் காலும் ஒன்றாக வருகிறதா, குரல் முந்திக் கால் பிந்துகிறதா? முகவீணைக்காரர் வேசக்காரரின் சுருதியைத் தேடிப் போகிறாரா, வேசக்காரர் முகவீணையைத் தேடி வருகிறாரா? "முகவீணக்காரன் தேடிப் போனான்னா அந்த ஆளு பெரிய ஆளு" என்பார். இரண்டாவது சோதனை மூன்று மணிக்கு. சனம் பாதி தூங்கிவிடும், பனி இறங்கும். அந்த நேரத்திலும் தொண்டை நின்றால் பந்தயம் முடிந்தது.

அவர் சொன்ன இன்னொரு விதியை நான் நாற்பது வருசமாகச் சரிபார்த்து வருகிறேன்: தோற்கிற வேசம் ஜெயிக்கும். அர்ச்சுனன் அம்பை விட்டுவிட்டு நிற்பான், கைதட்டு கர்ணனுக்குப் போகும். வடதமிழ்நாட்டில் சாவு வீட்டுக் கருமாதி ராத்திரிக்கு அர்ச்சுனனின் வெற்றியை யாரும் வைப்பதில்லை, கர்ண மோட்சம்தான் வைக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரரைச் சாகிற வேசத்துக்குத்தான் வாத்தியார் வைத்திருப்பார் என்பதால் இது அப்படியொன்றும் மாயக் கணிப்பு அல்ல என்பது பின்னால்தான் புரிந்தது.

ஜெயித்தவருக்கு என்ன கிடைக்கும்? நடுக்கூத்தில் ஒருவர் எழுந்துபோய் ஐந்து ரூபாய் நோட்டை நெஞ்சில் குத்துவார். கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பேரையும் அவர் அப்பா பேரையும் சொல்லி, அவர் குலம் விளங்கட்டும் என்பான். சிலருக்குத் துண்டு. ஆனால் அதெல்லாம் சில்லறை. உண்மையான விருது அடுத்த வருசத் தாம்பூலம். வெற்றிலை பாக்கோடு முன்பணத்தைத் தட்டில் வைத்து, அதே ஜமாவை அடுத்த திருவிழாவுக்கும் ஊர் கூப்பிட்டால் பரிசு. கூப்பிடாமல் பக்கத்து ஊர் ஜமாவுக்குத் தாம்பூலம் போய்விட்டால் அதற்கு மேல் விமரிசனம் எழுத ஆளில்லை.

அந்தக் காலத்தை நான் ரொம்பவும் மெச்சவில்லை. தட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். அவர்கள் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். காலனிக்காரர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். பொம்பளைகள் தனியாக ஒரு பக்கம். பாஞ்சாலி வேசமும் ஆம்பளைதான் கட்டினார். ராத்திரி முழுக்க ராசாவாக இருந்த மனுசர் காலையில் அரிதாரம் கலைத்ததும் 'கூத்தாடி' ஆகிவிடுவார். அந்தச் சொல்லை மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் கொஞ்ச தூரம் தள்ளிச் சிதம்பரத்தில் சாமிக்கே கூத்தன் என்றுதான் பேர்.

சிதம்பரத்தைச் சொன்னால் அந்தப் போட்டியையும் சொல்ல வேண்டும். தில்லைக் காளிக்கும் நடராசருக்கும் நடந்த ஆட்டம். பெருமாள் நடுவர் என்று சொல்கிறவர்கள் உண்டு, கோயிலுக்குள் கோவிந்தராசர் இருக்கிறாரே. ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடராசர் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். பெண் என்பதால் காளி தூக்கவில்லை. தோற்றாள். நடராசர் கோயிலின் நிருத்த சபை அந்த ஆட்டத்தின் நினைவு என்கிறார்கள். காளிக்கு ஊரின் வடக்கு ஓரத்தில் கோயில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் கோப்பெருஞ்சிங்கன் கட்டியது. பந்தயம் கட்டத் தெரிந்த எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் இந்தத் தீர்ப்பை ஒத்துக்கொண்டதில்லை. "ஆட்டத்துல தோக்கல, அடக்கத்துல தோத்தா" என்று என் அத்தை சொல்லுவாள். நடுவர் தீர்ப்பைச் சந்தேகப்படுவது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம்.

கிரேக்கர்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. ஏதென்சில் நாடகப் போட்டிக்குப் பத்துக் குலத்துக்கு ஒருவராகப் பத்து நடுவர்கள். அவர்கள் போட்ட ஓட்டுகளிலும் சிலவற்றைத்தான் குடத்திலிருந்து எடுத்து எண்ணினார்கள், மிச்சம் எண்ணப்படாமலே போகும். லஞ்சம் கொடுத்தாலும் எந்த ஓட்டு எண்ணப்படும் என்று தெரியாது. இவ்வளவு காபந்து செய்தும் சோபாக்ளிசின் 'ஈடிபஸ் அரசன்' இரண்டாவதாகத்தான் வந்தது. முதல் பரிசு வாங்கிய பிலோக்ளிசின் நாடகம் எதுவும் முழுதாக இன்று கைக்குக் கிடைக்கவில்லை. பெரியப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால், "ஈடிபஸ் தோக்குற வேசமாச்சே, இன்னும் நிக்குதுல்ல?" என்றிருப்பார்.

இப்போதும் எங்கள் பக்கத்தில் கணிப்பு நடக்கிறது. ஆனால் சலங்கையைக் கேட்டு அல்ல.

கலை பண்பாட்டுத் துறை மாவட்டக் கலை மன்றம் வழியாக ஐந்து விருதுகள் தருகிறது. பதினெட்டு வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலை சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66 ஆனவர்களுக்குக் கலை முதுமணி. பணமும் வயதோடு ஏறும்: 4,000 ரூபாயில் தொடங்கி 6,000, 10,000, 15,000, முதுமணிக்கு 20,000. பரதநாட்டியம், நாதஸ்வரம், தவில், ஓவியம், சிற்பம், கரகம், பறையாட்டம், தெருக்கூத்து எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். விண்ணப்பத்தோடு தன்விவரம், ஆதார் நகல், போட்டோ, கலை அனுபவத்துக்கான சான்றுகள் வைக்க வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே செல்போன் குழுக்களில் பேச்சு தொடங்கிவிடும். இந்த வருசம் கூத்துக்கு உண்டா? யாருக்கு?

என் அத்தை மகன் ஒருவன் இதில் கில்லாடி. கூத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்தவன் அல்ல, ஆனால் அவன் சொன்னது அநேகமாக நடக்கும். ரகசியத்தை ஒருநாள் சொன்னான்: "மாமா, ஆளப் பாக்காதீங்க, பொறந்த தேதியப் பாருங்க." அவன் கணக்கு இது. அறுபத்தாறு முடிந்தவர்களை முதலில் பட்டியல் போடு. ஏற்கெனவே விருது வாங்கியவர்களை அடி. போன தடவை எந்தக் கலைக்குக் கொடுத்தார்கள் என்று பார், இந்தத் தடவை அது பின்னால் போகும். மிச்சமிருப்பவர்களில் யார் வீட்டில் படித்த பிள்ளை இருக்கிறது? விண்ணப்பத்தை ஒழுங்காக எழுதி, பழைய நோட்டீசுகளை நகல் எடுத்து, கடைசித் தேதிக்குள் கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளை? அவர் வீட்டுக்கு இப்போதே மாலை வாங்கிவிடலாம்.

இதில் பிறந்த தேதிதான் வம்பு. எங்கள் பக்கத்துக் கிழ ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு ஆதாரில் சனவரி ஒன்றாம் தேதி பிறந்தநாள். எழுதியவர் போட்டது. பெரிய வேசக்காரர் ஒருவர் தன் வயதை எழுபது என்கிறார், அட்டை அறுபத்து நாலு என்கிறது. முதுமணிக்குப் போக வேண்டியவர் நன்மணிக்கு விண்ணப்பிக்கிறார். ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம். "துரியோதனனுக்கே அஞ்சாயிரம் கொறச்சிட்டானுங்க" என்று சிரித்தார்.

மாநில அளவில் கணிப்பது இன்னும் வேடிக்கை. அங்கே 'யாருக்கு' என்பதோடு 'எந்த வருசத்துக்கு' என்றும் கணிக்க வேண்டும். 2019-இல் கலைமாமணி அறிவித்தபோது 2011 முதல் 2018 வரை எட்டு வருசத்துக்குச் சேர்த்து 201 பேர். 2025-இல் 2021, 2022, 2023 மூன்றுக்கும் சேர்த்து 90 பேர். மறுநாள் பத்திரிகைத் தலைப்பில் சாய் பல்லவி, எஸ்.ஜே.சூர்யா, அனிருத். கூத்துக்காரர் பேரைப் பட்டியலின் வாலில் விரல் வைத்துத் தேட வேண்டும். எட்டு வருசம் சேர்ந்து வருவதற்குப் பேர் போட்டியல்ல, ரேசன் கடை வரிசை. வரிசையில் கணிக்க என்ன இருக்கிறது, நின்றால் வரும். நிற்கிறவர் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நியூயார்க்கில் 1947-இலிருந்து கொடுக்கிற டோனி விருதுக்கு வசந்த காலம் முழுக்கக் கணிப்பே தொழிலாக இருப்பவர்கள் உண்டு. சுமார் 800 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். ஓட்டுப் போடுகிற பிரிவின் நாடகங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எனக்குப் பொறாமை வருவது அரங்கத்தையோ பணத்தையோ பார்த்து அல்ல, இந்த ஒரு விதியைப் பார்த்துத்தான். கோப்பில் ஒட்டிய போட்டோவில் கிரீடம் தெரியும், மூன்று மணித் தொண்டை தெரியாது.

ஆனாலும் அத்தை மகனைக் குறை சொல்ல மாட்டேன். பழைய நோட்டுக்குத்தலில் இல்லாத ஒன்று இந்தக் காகிதத்தில் இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு அரசு தருகிற மாத உதவி இப்போது 3,000 ரூபாய். அதற்குப் போகும்போது முத்திரை வைத்த ஒரு சான்றிதழ் கையில் இருந்தால் பேச்சு வேறு. கலைஞர்களுக்கான அடையாள அட்டையில் 'தெருக்கூத்துக் கலைஞர்' என்று அச்சாகியிருக்கிறது. பெரிய வேசக்காரர் அதைப் பர்சில் வைத்திருக்கிறார். பஸ்ஸில் யாராவது என்ன தொழில் என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறார். அப்பா காலத்தில் அவர் குடும்பம் 'கூத்தாடி வீடு'. சாதியையும் நிலத்தையும் கேட்காமல் தாம்பூலம் கொடுத்த முதல் ஆள், ஒருவகையில், அந்த விண்ணப்பப் படிவம்தான்.

2025 சனவரி 25 சாயங்காலம் பத்ம விருதுப் பட்டியல் வந்தபோது அவர் வீட்டில் இருந்தேன். புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ. புரிசை செய்யாறு பக்கம். எங்களுக்கு அது வடக்கத்திப் பாணி, எங்களுடையது தெற்கத்தி. சாதாரண நாளில் இந்த இரண்டு பாணிக்காரர்களையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்க முடியாது. அடவு சரியில்லை, கிறுக்கி சரியில்லை என்று விடிய விடியப் பேசுவார்கள். சம்பந்தன் குடும்பத்துக் கண்ணப்பத் தம்பிரானிடம்தான் நாடகாசிரியர் ந.முத்துசாமி கூத்தைக் கற்றுக்கொள்ளப் போனார், 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கு அந்தப் பேரும் வந்தது. தொலைக்காட்சியில் பேர் ஓடியதும் பெரிய வேசக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "வடக்கத்தியானா இருந்தா என்ன, கூத்துக்குல்ல குடுத்துருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ பந்தயம் கட்டியிருந்தா தோத்திருப்ப" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உண்மைதான். நான் ஒரு சினிமாக்காரர் பேரைச் சொல்லியிருந்தேன்.

போன திருவிழாவில் கூத்து பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கே முடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள், ஜெனரேட்டர் வாடகை, மைக் நேரம். பெரிய வேசக்காரர் மறுத்துவிட்டார். அவருக்குக் கர்ணன். முன்வரிசையில் பாய் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நாலைந்து செல்போன்கள் உயரத்தில் எரிந்துகொண்டிருந்தன, யூடியூபுக்கு. மூன்று மணிக்கு நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. 'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்பார்கள், அவர் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

அத்தை மகன் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கூத்து முடிகிற வரைக்கும் அவன் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தேர்ச் சக்கரம் புதைகிற இடத்தில் முகவீணை அவர் குரலைத் தேடிக்கொண்டு போனது. நான் அவன் தோளைத் தட்டி, "கேக்குதா?" என்றேன். "என்னா மாமா?" என்றான். சொல்லவில்லை.

விடிந்தபோது கோயில் நாட்டார் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, ஐநூறு ரூபாய்த் தாள்கள். அரிதாரம் பாதி கலைந்த முகத்தோடு வாத்தியார் அதை வாங்கிக்கொண்டார். பெரிய வேசக்காரர் ஓரமாக உட்கார்ந்து புஜக்கட்டையை அவிழ்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, அந்தத் தட்டை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். விண்ணப்பத்தோடு வைக்க.