தன்முகம் வரையக் கற்பித்தல்

ஓவியர் ஒருவர் தம்மையே உற்றுநோக்கித் தம் உருவத்தை வரையும் படம் தன்னுருவ ஓவியம் எனப்படும். பினாங்கில் ஓவியம் கற்பித்தவர்களுள் இவ்வகைப் படத்திற்காகப் பெரிதும் அறியப்படுபவர் ஜார்ஜெட் சென் (1906–1993) ஆவார். பாரிசில் ஓவியம் பயின்ற அவர், 1951 முதல் 1953 வரை ஜார்ஜ் டவுனின் ஹான் சியாங் உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்து, பின்னர் சிங்கப்பூர் சென்று நன்யாங் நுண்கலைக் கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். 1946ஆம் ஆண்டையொட்டி எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டிய தன்னுருவம் இன்று சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. போர்க்காலத்தில் கணவரை இழந்து ஓரிரு ஆண்டுகளே கடந்திருந்த வேளையில் உருவான அப்படம், பள்ளி மாணவர் கையிலுள்ள வரைதாளைவிடச் சிறியது. தம்மைப் பெரிதாகக் காட்டும் அலங்காரம் எதையும் நாடாமல், முகத்தை மட்டுமே நம்பி நிற்பது. சிறுவர்க்கு முதலில் காட்டத்தக்க தன்னுருவம் இதுவே எனலாம்.

தமிழ்ப்பள்ளிகளில் காட்சிக்கலைக் கல்வி என வழங்கும் பாடத்தில் தன்னுருவம் வரையும் பயிற்சியைத் தொடங்கும் ஆசிரியர், குழந்தைகள் தாம் காண்பதை வரைவதில்லை, அறிந்ததையே வரைகிறார்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ 7 முதல் 9 வயது வரையுள்ள குழந்தை, கண்ணுக்கு ஒரு வடிவம், மூக்குக்கு ஒரு வடிவம் என நிலையான குறியுருவங்களை அமைத்துக்கொண்டு அவற்றையே மீண்டும் மீண்டும் வரைவதை விளக்கினார். கண்களை நெற்றியருகே ஏற்றி வரைவதும் இதனால்தான். உண்மையில் அவை உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவில் இருப்பதைப் பென்சிலை முகத்தருகே பிடித்து அளந்தால் குழந்தையே கண்டுகொள்ளும்.

ஆகவே தாளுக்கு முன் கண்ணாடி வர வேண்டும். ஒரு கண்ணை மூடி, அழியக்கூடிய மையால் கண்ணாடியின் மேலேயே முகத்தின் விளிம்பை வரையச் சொன்னால், அவ்வடிவம் உண்மை முகத்தின் பாதியளவே இருப்பது மாணவரை வியக்க வைக்கும். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் சமதொலைவில் தோன்றுவதாலும், கண்ணாடிப் பரப்பு இரண்டுக்கும் நடுவில் அமைவதாலும், எவ்வளவு தள்ளி நின்று வரைந்தாலும் இந்தப் பாதியளவு மாறுவதில்லை. இதை உணர்ந்த குழந்தை, நாள்தோறும் பார்த்த முகத்தை இதுவரை சரியாகப் பார்க்கவில்லை என்பதையும் உணர்கிறது.

இப்பாடத்தில் மிகுந்த கவனத்திற்குரியது நிறம். கிரேயான் என்னும் மெழுகு வண்ணக்கோல் பெட்டியில் வெளிறிய இளஞ்சிவப்பையே தோலின் நிறமாகக் கருதும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் சதைநிறம் என்று தான் விற்ற வண்ணத்திற்கு 1962இல்தான் பீச் என்று பெயர் மாற்றியது. பெட்டியிலிருந்து பெயர் நீங்கினாலும் வகுப்பறைப் பேச்சிலிருந்து அக்கருத்து எளிதில் நீங்குவதில்லை என்பதால், மாநிறமும் கருநிறமும் கொண்ட குழந்தை தன் முகத்திற்கு அவ்வண்ணத்தையே தேடி எடுப்பது உண்டு. அதைக் கண்டும் காணாமல் விடுவது, உன் நிறம் படத்திற்கு ஆகாது என்று ஆசிரியரே சொல்வதற்கு ஒப்பாகும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் கலந்தால் பழுப்பு பிறக்கும். மஞ்சள் கூடினால் அது வெளுத்து இளகும், சிவப்பு கூடினால் செம்மை ஏறும், நீலம் கூடினால் ஆழ்ந்து கருக்கும். கலந்ததைத் தாள் துண்டில் தடவி முன்கையோடு வைத்துப் பார்த்து, பொருந்தும்வரை திருத்தச் செய்ய வேண்டும். பல இனத்தவர் ஒன்றாகப் படிக்கும் பினாங்குப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்குள்ளேயே எத்தனை பழுப்புகள் உள்ளன என்பது அப்போது புலப்படும். இதற்கு ஒரு பாடவேளை முழுவதையும் ஒதுக்குதல் தகும். பாடத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் அவசரமாகத் தீட்டி முடிக்கும் வேலையன்று இது.

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1484இல், 13 வயதில், கண்ணாடி பார்த்து வெள்ளி முனையால் வரைந்த தன்னுருவம் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் உள்ளது. சிறுவனாக இருந்தபோது வரைந்தது என்று அவரே பிற்காலத்தில் அதன்மேல் எழுதிவைத்தார். மாணவரும் தம் படத்தின் பின்புறம் நாளும் வயதும் எழுதுவது நன்று. முதலாம் ஆண்டில் வரைந்ததைப் பள்ளி பாதுகாத்து ஆறாம் ஆண்டில் திருப்பித் தந்தால், வளர்ந்தது முகம் மட்டுமா, பார்வையுமா என்று அவர்களே ஒப்பிட இயலும். மதிப்பிடும்போதும், அச்சாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, புருவத்தின் வளைவு, விழுந்த பல்லின் இடைவெளி, கன்னத்து மச்சம் என அக்குழந்தை கண்ணாடியில் தானே கண்டறிந்தது எது என்று கேட்டு, அதற்கே மதிப்பெண் வழங்க வேண்டும்.