நூலிழையில் தப்பியவை

‘சிக்னல் கம்பத்தில் புதிதாகக் கேமரா மாட்டியிருக்கிறார்களே, அபராதம் போடத்தானா?’ என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். ஹெல்மெட் போடாதவரைப் பிடிப்பது அந்தக் கேமராவுக்குச் சின்ன வேலை. அந்தச் சந்திப்பில் எங்கே உயிர் போகக்கூடும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் அதே படம் உதவும்.

காட்சியில் வரும் ஒவ்வொரு வண்டியையும் ஆளையும் மென்பொருள் தனித்தனியே அடையாளம் கண்டு, போகும் தடத்தை விநாடிக்குப் பல தடவை குறிக்கிறது. பேருந்துக்குப் பின்னால் பைக் மறைந்தால் தடம் அறுந்துவிடும். அதனால் சில இடங்களில் வேறு கோணத்திலிருந்து பார்க்க ரேடாரையோ, லேசர் கொண்டு தூரம் அளக்கும் லைடாரையோ துணைக்கு வைக்கிறார்கள்.

இதில் என்னைச் சொக்கவைத்தது ஒரே ஓர் அளவு. லாரி ஒன்று வலப்பக்கம் திரும்புகிறது. எதிரே பைக் நேராக வருகிறது. இரண்டின் தடமும் வெட்டிக்கொள்ளும் இடத்தை லாரியின் பின்முனை விட்டு விலகிய நொடிக்கும், பைக்கின் முன்சக்கரம் அங்கே வந்து சேர்ந்த நொடிக்கும் நடுவே எவ்வளவு நேரம்? இடைவெளியே இல்லையென்றால் மோதல். ஒன்றரை விநாடிக்குக் குறைந்தால் ஆபத்தான நெருக்கம் என்று பல ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக்குக்கு அது சுமார் 21 மீட்டர்தான்.

தப்பியவற்றை எண்ணும் யோசனை பழையது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள், பிரேக் விளக்கு சட்டென்று எரிவதை எண்ணிப் பார்த்தார்கள். ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டர் ஹைடன், பயிற்சி பெற்றவர்கள் தெருமுனையில் நின்று தாளில் குறிக்கும் முறையை வளர்த்து, 1987இல் ஆய்வேடாகத் தந்தார். பிரேக்கைத் தொடாமலே வளைந்து நுழைந்து தப்பும் நம் ஊர் பைக்குகளுக்குப் பிரேக் விளக்குக் கணக்கு உதவாது. தடக் கணக்கு உதவும்.

ஆனால் நாம் எதை எண்ணுகிறோம்? தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்தை ‘பிளாக் ஸ்பாட்’ என்று அரசு ஏற்க, மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். கிணற்றுக் கயிற்றில் ஒரு புரி பிரிந்தாலே என் பாட்டி கயிற்றை மாற்றிவிடுவார். வாளி உள்ளே விழட்டும் என்று காத்திருந்ததில்லை.

கேமராக்கள் ஏற்கெனவே கம்பத்தில் இருக்கின்றன. அவற்றின் படம் அபராதச் சீட்டோடு நின்றுவிடாமல் சாலைப் பொறியாளரின் மேசைக்கும் போக வேண்டும். வலப்பக்கம் திரும்புவோருக்குத் தனிப் பச்சை விளக்கு வேண்டுமா, மூலையை மறைக்கும் விளம்பரப் பலகையை எடுக்க வேண்டுமா என்று சில நாள் படத்தை வைத்தே அவர் பார்க்கலாம். மாற்றிய பிறகு மறுபடியும் சில நாள் எண்ணினால், பலன் இருந்ததா என்பதும் தெரிந்துவிடும்.