பப்புக்குள் போகலாமா?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் தொழிற்சாலையில் கூட நிற்பவர்கள் எங்களைப் பப்புக்குக் கூப்பிடுவார்கள். தவறணைதானே என்று எங்களில் பலர் நழுவிவிடுகிறோம். தமிழர் ஒருவரோடும் சேரமாட்டார்கள் என்று பெயரும் வருகிறது. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். பொதுவீடு என்று பொருள். குடியாதவரும் தோடம்பழச்சாற்றோடு இருக்கலாம்.

லண்டனில் பகுதிக்குப் பகுதி பப் வேறு. நாங்கள் சில பேர் லீவு நாட்களில் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். லண்டன் பிரிட்ஜ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள 'ஜோர்ஜ் இன்' 1676ஆம் ஆண்டுத் தீயின்பின் திரும்பக் கட்டியது. முற்றத்தைப் பார்த்த மர விறாந்தைகள். குதிரைவண்டிப் பயணிகள் தங்கிய இடம். எங்கள் ஊர் மடங்கள் நினைவில் வரும். பிளீட் வீதியில் 1667இல் திரும்ப எழுந்த 'செஷயர் சீஸ்' பத்திரிகைக்காரர் கூடிய இடம். வொப்பிங்கில் 'புரொஸ்பெக்ட் ஒவ் விற்பி' தேம்ஸ் கரையிலேயே நிற்கிறது. முன்பு கப்பல்காரர் வந்துபோன பப்.

வாசலில் தொங்கும் படங்களையும் கவனியுங்கள். சனங்களுக்கு வாசிக்கத் தெரியாத காலத்தில் சிங்கமும் மணியும்தான் பெயர்ப்பலகை.

பெரும்பாலும் மேசைக்கு ஆள் வராது. கவுண்டரில் கேட்டு, அங்கேயே காசு கொடுக்க வேண்டும். ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்த முறை மற்றவருடையது; இதை 'ரவுண்ட்' என்பார்கள். ஐந்து பேர் என்றால் கையைக் கடிக்கும். "என்னுடையதை நானே வாங்குகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

ஒரு கிளாஸ் சாறும் அரை மணித்தியாலமும் போதும். அடுத்த கிழமை மெஷினடியில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.