தட்டைப் பிரிக்காதீர்கள்!

வீட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்துவிட்டால் நம்மில் பலர் முதலில் செய்வது என்ன? அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, அஞ்சடியில் தனிப் பாய்! பிள்ளைகளைக் கிட்டே விடுவதில்லை.

பாட்டாளித் தோழர்களே, இது வீண் பயம். இந்தக் கிருமி இரத்தம், உடலுறவு, தாய்ப்பால் வழியாகவும், கர்ப்பத்திலும் பிரசவத்திலும்தான் பரவும். எச்சில், வேர்வையால் பரவாது. "ஏங்க, கொசு கடிச்சா?" என்பார்கள். கொசுவாலும் வராது. ஒரே தட்டில் சாப்பிடலாம். ஒரே கக்கூசுக்குப் போகலாம். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

பிரிக்க வேண்டியவை வேறு. சவர பிளேடு, பல் பிரஷ், ஊசி ஆகியவற்றை ஒருவருக்கொருவர் கொடுக்காதீர்கள். காயத்தைப் பிளாஸ்டர் போட்டு மூடுங்கள். அரிவாள் பட்டு இரத்தம் கொட்டினால், கையில் ரப்பர் உறை, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு துடையுங்கள். பிறகு ஒரு பங்கு குளோராக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். அந்த இரத்தம் உங்கள் காயத்திலோ கண்ணிலோ பட்டால், நன்றாகக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

அவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காட்டாமல் இருக்காதீர்கள். காசநோயாக இருக்கலாம், அதுதான் காற்றில் பரவும்.

மலேசியாவில் 1986-இல் முதல் நோயாளி கண்டறியப்பட்டபோது சரியான மருந்து கிடையாது. 1996-க்குப் பிறகு கூட்டு மருந்து வந்து நிலைமை மாறிவிட்டது. இன்று குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் முதல்நிலை மருந்து இலவசம். நாள் தவறாமல் சாப்பிட்டு, சோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவாலும் பரவாது. டாக்டர் அதை உறுதி செய்யும்வரை ஆணுறை கட்டாயம். கர்ப்பிணிக்கும் வழியுண்டு: தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் மலேசியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

சுங்கை பூலோவை நினைத்துப் பாருங்கள். அங்கே 1930-இல் தொழுநோயாளிகளுக்குத் தனிக் குடியிருப்பு அமைத்து, சொந்தபந்தத்தை விட்டுப் பிரித்து வைத்தார்கள். மருந்து வந்தபின் அந்தப் பிரிவுக்கே அவசியம் இல்லாமல் போயிற்று. இன்று அதே வட்டாரத்துச் சுங்கை பூலோ மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தருகிறார்கள். நோயாளிகள் வீட்டிலிருந்தே போய் வருகிறார்கள்.

கிள்ளான் தோட்டமோ, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியோ, அவர் சம்மதம் இல்லாமல் பக்கத்து வீட்டிலோ கிராணியிடமோ சொல்லாதீர்கள். மாத்திரை நேரத்தை நினைவுபடுத்துங்கள். கிளினிக் நாளன்று கூடவே போங்கள். சாப்பாட்டு வேளையில், "வாப்பா, உக்காரு" என்று பக்கத்தில் இடம் கொடுங்கள்.